இளநீரில் அமர்ந்த கோழி

ஹுத்தான் மெலிந்தாங்கில் குளிர்காலம் கிடையாது. ஆனால் குளிர் உண்டு. அக்டோபர் பாதியில் தொடங்கி ஆண்டு முடிவு வரை, பிற்பகல் மூன்று மணிக்கு மேல் மலாக்கா நீரிணைப் பக்கம் வானம் கறுக்கும். நான்கு மணிக்குத் தகரக் கூரையில் மழை இறங்கும். தொடர்ந்து மூன்று நாள் பெய்தால் துணி காயாது, தரை சில்லிடும், இரவில் வெப்பமானி 23 டிகிரிக்கு வரும். பனி விழும் நாட்டுக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் ஆண்டெல்லாம் 33 டிகிரியில் வேகும் உடம்புக்கு 23 டிகிரி குளிர்தான். இங்குள்ள வீடுகளில் அலமாரி அடியிலிருந்து சுவெட்டர் வெளியே வருவதும், மிளகு ரசத்தில் மிளகு ஒரு பிடி கூடுவதும் இந்த நாட்களில்தான்.

ஈப்போவிலிருந்து தெற்கே இறங்கி, தெலுக் இந்தான் வழியாக வந்தால் மெலிந்தாங். 1982 வரை தெலுக் அன்சன் என்று அழைக்கப்பட்ட அந்தப் பட்டணத்தில், 1885இல் கட்டிய சாய்ந்த கோபுரத்தைப் பார்க்க எல்லாரும் காரை நிறுத்துவார்கள். அதற்குப் பிறகு உள்ள அரைமணி நேரச் சாலையில் நிறுத்திப் பார்க்க ஒன்றுமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். இருபுறமும் செம்பனை, இடையில் தென்னை, அவற்றுக்கிடையே நேர்கோடாக ஓடும் வடிகால்கள். ஏறுவதற்கு ஒரு மேடுகூடக் கிடையாது. கடல் மட்டத்தை ஒட்டிய வண்டல் மண் இது. மழைநாளில் வடிகாலும் சாலையும் ஒரே உயரத்தில் நிற்பதுபோல் தெரியும்.

மலாய் மொழியில் ஹுத்தான் என்றால் காடு, மெலிந்தாங் என்றால் குறுக்கே கிடப்பது. குறுக்கே கிடந்த காடு போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. ஊரின் ஓரத்தில் பெர்ணம் ஆறு ஓடுகிறது. அக்கரை சிலாங்கூர், இக்கரை பேராக். படகுத்துறைகளில் மீன்பிடிப் படகுகள் நெருக்கியடித்து நிற்கும். காற்று திரும்பினால் ஊர் முழுக்கக் கருவாட்டு வாசம். சீனர் கடைவரிசை, மலாய்க்காரர்களின் கம்பம், தமிழர்களின் தோட்டங்கள் என்று மூன்றும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. 2017இல் பாகான் டத்தோ தனி மாவட்டமானபோது மெலிந்தாங் அதற்குள் சேர்ந்தது. தீபகற்ப மலேசியாவில் தென்னை என்றால் முதலில் நினைவுக்கு வருவது அந்த மாவட்டம்தான். இந்தக் கட்டுரையில் வரும் கோழிக்கும் அந்தத் தென்னைக்கும் தொடர்பு இருக்கிறது.

டென்மார்க்கும் ஜெண்டராட்டாவும்

மெலிந்தாங்குக்கு வரும் வழியில் ஜெண்டராட்டா தோட்டம் இருக்கிறது. மலாயாத் தோட்டங்கள் என்றாலே வெள்ளைக்காரத் துரை, லண்டன் கம்பெனி என்று நினைக்கப் பழகியிருக்கிறோம். இது டென்மார்க்காரர் தொடங்கியது. ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் என்ற பொறியாளர் சயாமில் வேலை பார்த்தவர். 1906இல் இங்கே ரப்பர் கம்பெனியைத் தொடங்கினார். 1917இல் யுனைடெட் பிளாண்டேஷன்ஸ் உருவானது. 'அவுட் ஆஃப் ஆப்பிரிக்கா' எழுதிய கேரன் பிளிக்சனுக்கு இவர் தாய்மாமன். அந்த நூலில் வரும் கென்யாக் காப்பித் தோட்டத்திலும் இவர் குடும்பத்துப் பணம் இருந்தது.

ரப்பருக்குப் பிறகு செம்பனையும் தென்னையும் வந்தன. தோட்டத்துக்குள் குறுகிய தண்டவாளங்களில் சிறு ரயில்கள் இன்றும் செம்பனைக் குலைகளை இழுத்துக்கொண்டு ஆலைக்குப் போகின்றன. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு இந்தப் பக்கம் வருகிறவர்கள் சாலையோரம் காத்திருந்து அதைப் பார்க்கலாம். மழையில் நனைந்த குலைகளின் செம்மஞ்சள் நிறம் பச்சைக்கு நடுவே நகர்ந்துபோவது, சாய்ந்த கோபுரத்துக்குக் குறைந்த காட்சியல்ல.

இந்தச் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பால்மரம் வெட்டியும் குலை அறுத்தும் வாழ்ந்த தமிழர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது கோலாலம்பூரிலும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். ஊரில் பெரும்பாலும் பெரியவர்கள்தான். தீபாவளிக்கு எல்லாரும் திரும்புகிறார்கள். தீபாவளி வருவதும் மழை வருவதும் ஏறத்தாழ ஒரே நேரத்தில்தான்.

தீபாவளிக்கு வந்த டின்

சென்ற தீபாவளிக்கு அத்தை மகன் பினாங்கிலிருந்து வரும்போது காரில் மூடி வைத்த கரியடுப்பு ஒன்றைக் கொண்டு வந்தான். கூடவே நான்கு டின் பீர். அமெரிக்கர்களின் 'பீர் கேன் சிக்கன்' செய்யப்போவதாக அறிவித்தான். பாதி பீர் உள்ள டின்னை அடுப்பில் நிறுத்தி, முழுக்கோழியை அதன்மேல் உட்கார வைத்துச் சுடுவது அது. அமெரிக்கத் தென்மாநிலங்களின் பார்பிக்யூப் போட்டிகளில் பரவி, பிறகு வீட்டுக் கொல்லைகளுக்கு வந்தது. 2002இல் ஸ்டீவன் ரைக்லன் இதற்கென்றே ஒரு நூல் எழுதினார். குளிர்நாட்டில் வெளியே நின்று அடுப்பில் கை காய்ச்சிக்கொண்டே சமைக்க ஏற்றது என்பதால் இதற்கு அங்கே குளிர்காலத்திலும் ரசிகர்கள் உண்டு.

அவன் கொண்டு வந்ததும், வேடிக்கையாக, ஒரு டேனிஷ் பெயர் கொண்ட பீர்தான். 1972 முதல் அது ஷா ஆலாமிலேயே காய்ச்சப்படுகிறது. டென்மார்க்காரர் ரப்பர் நட்ட மண்ணுக்கு டென்மார்க்கின் பீர் வந்து சேர்ந்தது என்று நான் சொன்னதை யாரும் ரசிக்கவில்லை. அத்தை வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார்.

"டேய், அந்த டின்னு இந்த வீட்டுப் படிய ஏறக் கூடாது."

"குடிக்கவா போறோம்? கோழிக்குத்தான்மா. சூட்டுல எல்லாம் ஆவியாப் போயிரும்லா."

"கோழி குடிச்சா என்ன, மனுஷன் குடிச்சா என்ன? வெளிய வை."

எழுபது வயதைத் தாண்டிய ஒருவரின் பிடிவாதம் என்று அதை விட்டுவிடலாம். தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்கள் அப்படி விட மாட்டார்கள்.

கள்ளுக்கடை வாசல்

பிரிட்டிஷ் காலத்து மலாயாவில் தோட்டத்துக்குத் தோட்டம் உரிமம் பெற்ற கள்ளுக்கடை இருந்தது. தென்னம்பாளையில் இறக்கிய பதநீர் சில மணி நேரத்திலேயே நொதிக்கத் தொடங்கிவிடும். புளித்த கள்ளில் உள்ள மதுவின் அளவும் பீரில் உள்ளதும் ஏறத்தாழ ஒன்றுதான். கடையின் லாபம் தொழிலாளர் நல நிதிக்குப் போக வேண்டும் என்பது ஏற்பாடு. தொழிலாளி குடித்துத் தொலைத்த காசில் ஒரு பங்கு திருவிழாவுக்கும் விளையாட்டுத் திடலுக்குமாகத் திரும்பி வந்தது. வீட்டுக்கு மட்டும் திரும்பவில்லை.

அதை எதிர்த்தவர்களும் தோட்டத் தமிழர்கள்தான். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்ற கோரிக்கையும் பட்டியலில் இருந்தது. துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் அதே பட்டியலில்தான் இருந்தது. தலைவர் ஆர்.எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள். போருக்குப் பின், 1947இல், கெடாவின் பீடோங் வட்டாரத்தில் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடைகளுக்கு எதிராக மறியல் செய்தார்கள். குடியை விடுவது அவர்களுக்குச் சுயமரியாதையின் ஒரு பகுதி.

அத்தைக்கு இந்த வரலாறு புத்தகத்தில் வந்ததல்ல. என் தாத்தா, அவருடைய அப்பா, வேறொரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். சம்பள நாளில் பாட்டி ஆறு வயதுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு கள்ளுக்கடைக்குப் போகும் வழியில் நிற்பார். பிள்ளையைப் பார்த்தால் தாத்தா வெட்கப்பட்டுப் பணத்தைக் கொடுத்துவிடுவார் என்பது பாட்டியின் கணக்கு. சில மாதம் கணக்கு சரியாக வந்தது, சில மாதம் வரவில்லை. நின்ற அந்தப் பிள்ளைதான் இப்போது வாசற்படியில் நின்றவர். பிறகு கள்ளு போய் சம்சு வந்தது, சம்சு போய் டின் வந்தது. வீட்டுக்குள் எதுவும் வரக் கூடாது என்ற அவருடைய சட்டம் மட்டும் மாறவில்லை.

மகனுக்கு இந்தக் கதை தெரியும். ஆனால் வாரம் முழுக்கத் தொழிற்சாலை வேலை முடித்து, சனிக்கிழமை நண்பர்களோடு ஒரு டின் குடிக்கிற தன்னையும் தாத்தாவையும் அம்மா ஒரே தராசில் நிறுத்துகிறாரே என்ற வருத்தமும் அவனுக்கு இருந்தது. கோழி வெளியே, உப்புக்கூடப் போடாமல், ஒரு மணி நேரம் காத்திருந்தது.

பீர் என்னதான் செய்கிறது?

இந்த இடத்தில் சமையல் அறிவியல் அத்தையின் பக்கம் சாய்கிறது.

டின்னுக்குள் இருக்கும் பீர் கொதித்து, ஆவியாகி, கோழியை உள்ளிருந்து ஈரமாக வைக்கும் என்பதுதான் இந்தச் சமையலின் விளம்பரம். யோசித்துப் பாருங்கள். டின் இருப்பது குளிர்ந்த இறைச்சிக்கு நடுவில். அடுப்பின் சூடு கோழியின் வெளிப்புறத்தைச் சுட்டு, சதை வழியாக மெதுவாகத்தான் டின்னை எட்டும். நெஞ்சுச் சதை 74 டிகிரியைத் தொட்டால் கோழி வெந்துவிட்டது, இறக்கிவிட வேண்டும். அந்த நேரத்தில் டின்னுக்குள் இருக்கும் பீரும் ஏறத்தாழ அந்தச் சூட்டில்தான் இருக்கும். கொதிநிலைக்கு இன்னும் வெகுதூரம். கொதிக்காத பீரிலிருந்து சொல்லும்படி ஆவி வராது. அளந்து பார்த்தவர்கள், ஊற்றிய பீர் பெரும்பாலும் அப்படியே டின்னில் இருப்பதைக் கண்டிருக்கிறார்கள்.

'எல்லாம் ஆவியாகிவிடும்' என்பதும் சரியல்ல. மது சேர்த்த உணவை ஒன்றரை மணி நேரம் கொதிக்க வைத்தாலும் அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மது மிஞ்சும் என்பது அமெரிக்க வேளாண் துறையின் கணக்கு. இங்கே அது கொதிப்பதே இல்லை. டின்னின் வெளிப்புறத்தில் சாயமும் உட்புறத்தில் பூச்சும் உண்டு. சமையல் சூட்டுக்காகச் செய்தவை அல்ல அவை.

அப்படியென்றால் அந்தக் கோழி ஏன் நன்றாக இருக்கிறது? நிமிர்ந்து உட்கார்ந்திருப்பதால். படுத்திருக்கும் கோழியின் அடிப்பக்கம் தன் கொழுப்பிலேயே ஊறித் தோல் நமத்துப் போகும். உட்கார்ந்த கோழிக்கு நான்கு பக்கமும் சூடு படுகிறது. கொழுப்பு கீழே வடிகிறது. தோல் எங்கும் மொறுமொறுப்பாகிறது. மூடிய அடுப்பும் ஓரத்தில் தள்ளிய கரியும் மீதி வேலையைச் செய்கின்றன.

மூடிய சூட்டில் முழுக்கோழி என்பது பேராக்குக்குப் புதிதும் அல்ல. ஈப்போவின் ஜாலான் தியேட்டரில் விற்கும் உப்புக்கோழியை நினைத்துக்கொள்ளுங்கள். காகிதத்தில் சுற்றி, சூடான உப்புக்குள் புதைத்து வேக வைப்பார்கள். அதற்குள் பீரும் இல்லை, ஆவி எந்திரமும் இல்லை. கோழி தன் சாற்றிலேயே வேகிறது.

இதையெல்லாம் நான் சொன்னபோது அத்தை மகன் கைத்தொலைபேசியை எடுத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தான். பிறகு எழுந்து போய் வீட்டுப் பின்புறத்திலிருந்து நான்கு இளநீர் கொண்டு வந்து சீவினான். அத்தை உள்ளே போய் ஓர் எவர்சில்வர் குவளையை எடுத்து வந்து அடுப்புப் பக்கத்தில் வைத்தார். இருவரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

மழையில் மூட்டிய தீ

நீங்களும் செய்து பார்க்க விரும்பினால், முறை இதுதான்.

ஒன்றரைக் கிலோ கடைக்கோழி ஒன்று. கம்பத்துக் கோழி இதற்கு ஆகாது. அதன் சதை இறுக்கம், அதைக் குழம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். இளநீரும் ஆவியாகி எதையும் ஈரமாக்கப் போவதில்லை. எனவே அதை முன்கூட்டியே வேலை வாங்க வேண்டும். ஒன்றரை லிட்டர் இளநீரில் 75 கிராம் உப்பைக் கரைத்து, இரண்டு தண்டு செரையை நசுக்கிப் போட்டு, கோழியை அதில் முழுக்கி நான்கு மணி நேரம் ஐஸ்பெட்டியில் வையுங்கள். உப்புநீர் சதைக்குள் இறங்கி, வேகும்போது ஈரம் போகாமல் பிடித்துக்கொள்ளும். இளநீரில் உள்ள இனிப்பு தோல் சிவக்க உதவும்.

வெளியே எடுத்ததும் ஈரத்தை நன்றாகத் துடையுங்கள். மழைநாளில் காற்றே ஈரமாக இருப்பதால் இந்த வேலையில் அவசரம் கூடாது; தோல் ஈரமாக இருந்தால் மொறுமொறுப்பு வராது. மிளகாய்த்தூள், மஞ்சள், சோம்பு, மல்லி, அரைத்த இஞ்சி பூண்டு, ஒரு கரண்டி எண்ணெய் சேர்த்துத் தடவுங்கள். உப்பு வேண்டாம், ஏற்கெனவே ஏறிவிட்டது.

குவளை குட்டையாகவும் அடி அகலமாகவும் இருக்கட்டும். அதில் கால்வாசி புதிய இளநீரும் ஒரு பண்டான் இலையும் போட்டு, கோழியை அதன்மேல் உட்கார வைத்து, கால்கள் இரண்டையும் முன்னால் தள்ளி மூன்று கால் முக்காலிபோல் நிறுத்துங்கள். வடியும் கொழுப்புக்கு அடியில் ஒரு தட்டு. மூடியைச் சாத்திப் பார்த்து, கோழியின் கழுத்து இடிக்கவில்லை என்பதை முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள்.

கரியை இரு ஓரங்களிலும் தள்ளி நடுவில் இடம் விடுங்கள். மெலிந்தாங்கில் சிரட்டைக் கரிக்குப் பஞ்சமில்லை, நின்று எரியும். 180 டிகிரிச் சூட்டில் 75 முதல் 90 நிமிடம் பிடிக்கும். மழைக்காற்று அடுப்பின் சூட்டைத் திருடும் என்பதால் கொஞ்சம் கூடவே ஆகலாம். அடிக்கடி மூடியைத் திறந்தால் இன்னும் தாமதமாகும். தொடையும் உடலும் சேரும் இடத்தில் வெப்பமானியைக் குத்தி 74 டிகிரி பாருங்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மழை வலுக்கிறது என்று கரியடுப்பை வீட்டுக்குள் கொண்டு போகாதீர்கள். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. மூடிய அறையில் உயிரை எடுத்துவிடும். மூன்று பக்கமும் திறந்த தாழ்வாரம், சுவரிலிருந்தும் காரிலிருந்தும் தள்ளிய இடம், இவை போதும். அதுவும் இல்லாத அடுக்குமாடிக்காரர்கள் மின்சார அவனின் கீழ்த்தட்டில் அதே 180 டிகிரியில் வைக்கலாம். இறக்கும்போது இருவர் வேண்டும். குவளைக்குள் இருப்பது கொதிக்காவிட்டாலும் கையைச் சுட்டுவிடும். பத்து நிமிடம் ஆற விட்டு, பிறகு குவளையை இடுக்கியால் பிடித்து, கோழியை மேலே தூக்குங்கள்.

மதுபடாத குவளை, ஹலால் கோழி, புழங்காத புது அடுப்பு என்பதால் இன்னொரு நன்மையும் கிடைத்தது. மறுநாள் திறந்த இல்ல உபசரிப்புக்கு வந்த மலாய் நண்பர்களுக்காக இரண்டாவது கோழி ஏறியது. டின் கோழியாக இருந்தால் அவர்கள் தட்டில் அது விழுந்திருக்காது.

முதல் நாள் கோழியைப் பிரித்தபோது மணி ஏழாகியிருந்தது. மழை விடவில்லை. தோல் கொட்டாங்குச்சி நிறத்தில் சிவந்திருந்தது, நெஞ்சுச் சதை பிழிந்தால் சாறு வந்தது. அத்தை ஓர் இறக்கையை எடுத்து, நின்றபடியே சாப்பிட்டார். "மெளகு கொஞ்சம் போட்டிருக்கலாம்" என்றார். அந்த நான்கு டின்களும் கடைசிவரை காரிலேயே இருந்தன. பினாங்கு போய் அவன் குடித்திருப்பான். அத்தைக்கும் அது தெரியும், கேட்கவில்லை.

மெலிந்தாங்குக்கு வர நினைப்பவர்கள் காலையிலேயே வந்துவிடுங்கள். படகுத்துறையில் மீன் இறங்குவதைப் பார்த்துவிட்டு, தோட்ட ரயிலுக்குக் காத்திருந்து, சாலையோரத்தில் இளநீர் வாங்கிக்கொண்டு, பிற்பகல் மழைக்கு முன் தெலுக் இந்தான் திரும்பிவிடலாம். உறவினர் வீடு இருந்தால் மழைக்கு அங்கேயே தங்குங்கள்.

புறப்படும் அன்று அத்தை மகன் கரி படிந்த அந்தக் குவளையைத் தேய்த்துக் கழுவித் தன் பையில் வைக்கப் போனான். அத்தை வாங்கிப் பழையபடி அடுக்களை அலமாரியில் வைத்தார்.

"உனக்கு வேணும்னா பினாங்குல வேற வாங்கிக்க. இது இங்கதான் இருக்கணும். அடுத்த தீபாவளிக்கு வருவீல்ல?"